எங்களை எடை போடும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், உங்களை அனுப்பிவைக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புத் தங்கைகளே,

உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்களாகவே இருக்கக்கூடும். கல்குளம் தாலுகாவில் அரசுப் பள்ளிகளில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மாதம் ஒரு முறை நீங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் முடுக்குக்குள் வரும்போது நானும் அக்காவும் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். கையை நீட்டுவோம். பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பீர்கள், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பீர்கள், அந்த மாதத்து மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பீர்கள். ஐப்பசி மழையிலும் வருகிறீர்கள், பங்குனி வெயிலிலும் வருகிறீர்கள். அக்காவுக்கு முட்டு வலி. நீங்கள் வராவிட்டால் அவள் சர்க்கரை மாத்திரையை என்றைக்கோ விட்டிருப்பாள். அந்த நன்றி எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. அந்த நன்றியோடுதான் ஒரு மனக்குறையையும் எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பதினைந்து வயதில் அண்டி ஆபீசுக்குப் போனாள். முந்திரித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம் என்பது இந்த மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தோல் எண்ணெய் கையைப் பொத்துவிடாமல் இருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து அண்டி தல்லுவாள், அதாவது கொட்டையை உடைத்துப் பருப்பெடுப்பாள். அந்தக் கூலியில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். மாலையில் பருப்பை எடை போட்டுக் கூலி எழுதுவார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அவள் தல்லிய பருப்பை நாள் தவறாமல் எடை போட்டார்கள். அவளை எடை போட்டது மூன்று பிரசவத்தின்போதும், எப்போதாவது காய்ச்சலுக்குப் போனபோதும்தான். அப்படி ஒரு காய்ச்சல் சீட்டு இன்னும் இருக்கிறது. 52 கிலோ. அப்போது அவளுக்கு வயது 47, அந்த ஆண்டுதான் மாதவிடாய் நின்றது. ஐம்பதில் முட்டு தாங்காமல் வேலையை விட்டாள்.

அவளுக்கு 58 வயதானபோது ஒரு மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் நல்லவர்கள்தான், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்கள். எடைக் கருவி வராந்தாவில் இருந்தது. அக்கா ஏறி நின்றதும் ஒரு பையன் "71" என்று உரக்கச் சொன்னான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். சர்க்கரை இருக்கிறது என்றார்கள். எடையைக் குறைத்தால் முட்டுக்கு நல்லது என்றார்கள். பிறகு மேசையில் இருந்த பெண் தலை நிமிராமலே, "மார்பில் கட்டி ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். எங்களுக்குப் பின்னால் எங்கள் தெரு ஆண்கள் நான்கு பேர் நின்றார்கள். அக்கா "இல்லை" என்றாள். படிவத்தில் ஒரு டிக் விழுந்தது. மார்பகப் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் கணக்கில் அந்த டிக்கும் சேர்ந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து, குளிக்கும்போது சோப்பு வழுக்கிப் போகாமல் இடது மார்பில் ஓரிடத்தில் கை தட்டியது என்று சொன்னாள். அண்டி தல்லித் தல்லி மரத்துப்போன விரலுக்கே தெரியும் அளவுக்கு, புளியங்கொட்டை போல ஒன்று. அது தட்டுப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. "வலிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை" என்றாள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விலங்கியல் ஆசிரியையான தங்கையும் சொல்லியிருக்கவில்லை.

அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் திருவனந்தபுரத்தில் நடந்தன. அதைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. விடியற்காலை பஸ்ஸில் மடியில் கஞ்சிப் பாத்திரத்தோடு போகும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று, ஐந்து ஆண்டுகள். இது என்ன செய்யும் என்று மருத்துவரிடம் கேட்டேன். "மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உடல் கொழுப்பில்தான் உண்டாகிறது அம்மா. அதை உண்டாக்கும் நொதியை இந்த மாத்திரை அடைத்துவிடும்" என்றார்.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சூலகத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து எத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். மாதவிடாய் நின்றால் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடும் என்று கரும்பலகையில் எழுதுவேன், அதோடு மணி அடித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் உடம்பில் என்ன நடக்கிறது என்பது பாடத்தில் இல்லை. நானும் தேடிப் போகவில்லை. அக்காவுக்கு வந்த பிறகுதான் படித்தேன். அதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் நீங்கள்தான்.

ரப்பர் தோட்டத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மரத்தில் வெட்டியெடுத்த பால் தண்ணீராகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, டிஷ்ஷில் ஊற்றி, கொஞ்சம் ஆசிட் சேர்த்தால்தான் உறைந்து ஷீட் ஆகும். பால் வருவது தோட்டத்திலிருந்து, ஷீட் ஆவது வீட்டு முற்றத்தில். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பிலும் ஏறக்குறைய அப்படித்தான். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கிறது. அது பால். கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு முற்றம் பெரிதாகிறது, ஷீட்டும் கூடுகிறது. மார்பகத்திலேயே கொழுப்பு நிறைய உண்டு, ஆகவே அங்கேயும் இந்த வேலை நடக்கிறது.

அதோடு நிற்பதில்லை. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் செய்கிறது. எடை கூடி, இன்சுலின் கூடும்போது அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் மார்பகச் செல்களுக்குள் போய் "பெருகு, பெருகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெருகும்போது ஏதோ ஒரு செல்லில் பிழை விழுந்தால், அந்தப் பிழையும் சேர்ந்து பெருகுகிறது. சர்க்கரைக்கும் எடைக்கும் மார்புக்கும் நடுவே இப்படி ஒரு வழி ஓடுகிறது. நீங்கள் எங்கள் விரலைக் குத்திப் பார்க்கும் அந்தச் சர்க்கரை, நாங்கள் ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒன்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறது.

இது ஊகம் அல்ல. உலகில் எட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2003-இல் ஒரு கணக்கு வெளியானது. மாதவிடாய் நின்ற பெண்களில் பி.எம்.ஐ. எண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 5 கூடினால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 19 சதவீதம் கூடியது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ பதினொன்றரை கிலோ. பிறகு அதே பெண்களின் இரத்தத்தில் கட்டவிழ்ந்த ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். 19 என்பது வெறும் 2 ஆகச் சுருங்கிவிட்டது. எடையால் வரும் கூடுதல் ஆபத்தில் பெரும்பகுதி இந்த ஹார்மோன் வழியாகவே வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அக்காவின் மாத்திரை அடைப்பதும் அதே வழியைத்தான். 2016-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மிகைக் கொழுப்போடு தொடர்புடைய புற்றுநோய்கள் என்று 13 வகையைக் குறித்தது. அந்தப் பட்டியலில் மார்பகப் புற்றுநோய்க்கு முன்னால் "மாதவிடாய் நின்ற பிறகு வரும்" என்ற சொற்கள் இருக்கின்றன.

அந்தச் சொற்களுக்குக் காரணம் உண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் கணக்கு வேறு. இளம் வயதில் பருமனாக இருப்பவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை, சற்றுக் குறைவு என்றுகூட ஆய்வுகள் காட்டுகின்றன. அதே உடம்பு, அதே எடை, ஒரு கோட்டைத் தாண்டியதும் வேறு பொருள் பெறுகிறது. அதனால்தான் கேட்கிறேன்: எங்களை எடை போடுகிறவர்கள் நாங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோமா, எந்த வயதில் தாண்டினோம் என்று ஏன் கேட்பதில்லை? அக்காவின் முகாம் சீட்டில் 71 என்று மட்டும்தான் இருந்தது. 47-இல் மாதவிடாய் நின்றது, அன்று 52 கிலோ, இன்று 71 என்று மூன்று எண்கள் ஒரே வரியில் இருந்திருந்தால், அந்த மேசையில் இருந்த பெண் தலை நிமிர்ந்து பார்த்திருப்பாள் என்று நம்புகிறேன்.

எடை கூடியதால்தான் அக்காவுக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. வயது, குடும்ப வழி வரும் மரபணு, முதல் பிள்ளை பிறந்த வயது, மது என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இது வருகிறது. எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. நோய் வந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு குற்றச்சாட்டையும் கொண்டுவருவார்கள். "அன்றைக்கே சொன்னேனே" என்பார்கள். தயவுசெய்து நான் எழுதும் இந்தச் செய்தி அந்தப் பெண்களை அடிக்கும் இன்னொரு கம்பாகிவிடக் கூடாது. இதை நோய் வந்தவர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள். வராதவர்களிடம், நாற்பத்தைந்து வயதிலேயே, உரிமையோடு சொல்லுங்கள்.

ஏனென்றால் சொல்வதற்கு நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவில் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. மாதவிடாய் நின்ற பிறகு 10 கிலோவுக்கு மேல் எடை கூடியவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட மார்பகப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். ஹார்மோன் மாத்திரை எடுக்காத பெண்களில், மாதவிடாய் நின்ற பிறகு 10 கிலோ குறைத்து அதைக் கூட விடாமல் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு, வாய்ப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இனி என்ன ஆகப்போகிறது என்று கையை விரிக்கும் பெண்களுக்கு நான் இந்த ஒரு செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பத்துக் கிலோ எல்லோராலும் முடியாது. கூடாமல் நிறுத்தி வைப்பதே பெரிய காரியம்.

ஹார்மோன் மாத்திரை என்றேன். நம் பக்கம் அது அவ்வளவு பழக்கமில்லை என்றாலும், உடம்பு சூடு, வியர்வை, தூக்கமின்மை என்று போனால் எழுதிக் கொடுக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரொஜஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுவதைக் கண்டு, அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதியை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கலாம். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக் கணக்கில் வாங்கக் கூடாது. வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அப்போது இதையும் பாருங்கள்.

இனி அதிகாரிகளுக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வு நம் பெண்களின் எடையை அளக்கிறது. 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆனால் அந்த ஆய்வு பெண்ணை 15 வயதில் அளக்கத் தொடங்கி 49-இல் விட்டுவிடுகிறது. பிள்ளை பெறும் வயது முடிந்ததும் அவள் கணக்கிலிருந்து வெளியேறுகிறாள். எடை எப்போது மார்புக்கு எதிராகத் திரும்புகிறதோ, அப்போது அளப்பதை நிறுத்திவிடுகிறோம். மார்பகப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டதும் 49 வயதுவரை உள்ளவர்களிடம்தான். தமிழ்நாட்டில் அவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்கூட வாழ்க்கையில் ஒரு முறையாவது பரிசோதித்துக்கொள்ளவில்லை. நாட்டிலேயே நாம் முன்னால் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை இது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது, நூற்றுக்கு 91 பேருக்கு மேல் படித்தவர்கள். படித்தால் தானாக வந்து காட்டுவார்கள் என்று நினைப்பவர்கள் என்னைப் பார்க்கட்டும். முதுகலைப் பட்டம் பெற்ற நான் என் அக்காளின் மார்பைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

2023 நவம்பரில், வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் கன்னியாகுமரியும் ஒன்று. அந்தச் செய்தியைப் படித்த அன்று மகிழ்ந்தேன். ஆகவே புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லவில்லை. இருப்பதில் ஒரு கையைச் சேர்க்கச் சொல்கிறேன். கை என்று சொல்வது உவமை அல்ல. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை மார்பைக் கையால் தடவிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2021-இல் முடிவு வந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே இறப்பு குறைந்ததாகத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. தங்கைகளே, அந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர், உங்களைப் போன்றவர்கள். விலை உயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. எந்த வயதில் நாம் பெண்ணை மறக்கிறோமோ, அந்த வயதில்தான் ஒரு கைக்கு அவளைக் காப்பாற்றும் வலிமை அதிகம். தேசிய வழிகாட்டுதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்கிறது. ஐம்பது கடந்தவர்களுக்காவது, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு எடை ஏறியவர்களுக்காவது, அதை இரண்டாண்டாக இந்த மாவட்டம் மாற்றிக் காட்டட்டும். எங்கள் பக்கத்துப் பெண் ஒரு மேமோகிராமுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். யாரை அனுப்ப வேண்டும் என்று சொல்ல ஒரு செவிலியரின் விரல்கள் போதும்.

"கட்டி உண்டா" என்று கேட்பது பரிசோதனை ஆகாது. இதை மட்டும் எங்கேயாவது பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். கதவுள்ள ஒரு அறை, ஒரு திரை, ஒரு பெண் செவிலியர், ஐந்து நிமிடம். வராந்தா வேண்டாம். இந்த மண்ணில் இதைச் சொல்ல எனக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. தோளில் சீலை போட்டு மார்பை மூடும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் எங்கள் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் அடியும் உதையும் வாங்கினார்கள், 1859-இல்தான் அரசாணை வந்தது. மார்பை யாரிடம், எங்கே, எப்படித் திறப்பது என்பது எங்களுக்கு மானப் பிரச்சினையாகவே இரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். திரையைப் போடுங்கள், பெண்கள் வருவார்கள்.

வந்தவர்கள் உங்களிடம் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். மகளிர் குழுக் கூட்டத்திலும், தேவாலயத்து அன்பியத்திலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் நான் பேசப் போனபோது கேட்டவை. "மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு இது வராது." பால் கொடுப்பது நல்லதுதான், பன்னிரண்டு மாதம் கொடுத்தால் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு என்ற கணக்கில் குறைகிறது. ஆனால் குறைவது வேறு, வராது என்பது வேறு, அக்காவும் மூன்று பிள்ளைக்குக் கொடுத்தவள்தான். "கருப்பையை எடுத்தாகிவிட்டது, இனி ஹார்மோன் ஏது?" கருப்பையை மட்டுமல்ல, சூலகத்தையே எடுத்திருந்தாலும் கொழுப்பில் நடக்கும் வேலை நிற்பதில்லை. "தீட்டு நின்றுவிட்டது, பெண் நோய் எல்லாம் அதோடு போயிற்று." இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் கொடியது. வயது ஏற ஏறத்தான் இந்த நோயின் வாய்ப்பு ஏறுகிறது.

மணவாளக்குறிச்சி பக்கத்துச் சகோதரிகள், இயற்கையிலேயே கதிர்வீச்சு உள்ள தங்கள் கடற்கரை மணலால் இது வருமா என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். அந்தப் பதில் வரும்வரை கையில் இருக்கும் காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எடையைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். "அரிசியை விடு, தேங்காயை விடு, மரச்சீனியை விடு" என்று ஒரு அச்சிட்ட தாளைக் கொடுக்காதீர்கள். மரச்சீனியும் மீன்கறியும் எங்கள் வறுமைக் காலத்தைத் தாண்ட வைத்த சாப்பாடு, அதைக் குற்றவாளியாக்கினால் நீங்கள் சொல்லும் மற்றதும் காதில் ஏறாது. நடந்தது என்னவென்றால், வேலை நின்றது, தட்டு சின்னதாகவில்லை. நாஞ்சில் வயலில் நடவு நட்டவர்களும், தலையில் மீன் கூடை சுமந்தவர்களும், அண்டி ஆபீசுக்குப் போக வர ஆறு கிலோமீட்டர் நடந்தவர்களும் அந்தச் சாப்பாட்டை அன்றன்றே எரித்தார்கள். இப்போது முட்டு வலியோடு வீட்டில் இருக்கிறார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்தன. நாலு மணிக்குச் சாயாவும் கடியும் வந்தன. ஏத்தன்பழ பஜ்ஜி இரண்டும் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்சும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். நான் அக்காவிடம் அந்தக் கடியைத்தான் முதலில் நிறுத்தினேன். மரச்சீனியைத் தொடவில்லை, பாதியாக்கி, மீனையும் தோரனையும் கூட்டினேன்.

இடுப்பை அளக்க ஒரு நாடா போதும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். எழுதிக் காட்டுங்கள். அக்காவுக்கு நோயைவிட அந்த வராந்தாச் சிரிப்புதான் அதிக நாள் நினைவிருந்தது. அதற்குப் பிறகு அவள் எட்டு மாதம் எந்த முகாமுக்கும் வரவில்லை.

அடுத்தது நடப்பதற்கு இடம். காலையில் நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு நடக்கும் பெண்களை நம் சாலைகளில் பார்க்கிறேன். பாறைப்பொடி ஏற்றிய லாரி வரும்போது ஓடைக்குள் இறங்கி நின்று, அது போனதும் ஏறி நடக்கிறார்கள். சானல்கரைகள், அதாவது பாசனக் கால்வாய்க் கரைகள், இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. நிழலும் உண்டு, சமதளமும் உண்டு. புதரை வெட்டி, நான்கு விளக்கு போட்டு, குடிக்கிறவர்களை அங்கிருந்து எழுப்பி அனுப்பினால் போதும், பெண்கள் நடப்பார்கள். பள்ளி மைதானங்களை மாலை ஐந்து முதல் ஆறரைவரை ஐம்பது வயதுப் பெண்களுக்குத் திறந்துவிட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். சாவி யாரிடம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், நானே அந்தச் சாவியை வைத்திருந்தவள். அக்கா சிகிச்சை முடிந்து சானல்கரையில் முதல் நாள் இருநூறு அடிதான் நடந்தாள். இப்போது கோயில் வளைவுவரை போய் வருகிறாள். எடை 64.

அந்த மாத்திரைக்கும் ஒரு விலை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனை ஏறக்குறைய முழுக்க அடைப்பதால் மூட்டு வலிக்கிறது, எலும்பு தேய்கிறது. மாதா மாதம் நீங்கள் வரும்போது லெட்ரோசோல் சாப்பிடும் பெண்களிடம் வலி தாங்காமல் நிறுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். எங்கள் தெருவிலேயே ஒருத்தி ஒன்றரை ஆண்டில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தாள். சர்க்கரை மாத்திரையை எண்ணும்போது இதையும் எண்ணலாம்.

2022-இல் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு நானும் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் முடுக்கில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் மாதவிடாய் நின்ற வயது, அன்றைய எடை தெரிந்தால் அது, இன்றைய எடை, இடுப்பளவு. ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் வலது, இடது என்று இரண்டு கட்டம் போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன், அது செவிலியர் எழுத வேண்டிய பக்கம். எங்கள் வீட்டு முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறோம். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. ஜன்னலுக்குத் திரையை அக்காவே தைத்துவிட்டாள். எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி,
கல்குளம் தாலுகா